கணவாய்த் தூண்டிலில் சிவகாசிச் சிவப்பு

ஆமத்தூர் சுற்றுவட்டாரத்தில் பட்டாசு ஆலைக்குப் போய்வருகிறவர்கள் வேதியியல் படித்திருக்கவே வேண்டாம். எந்த உப்பு எந்த நிறம் தரும் என்பதைக் கேட்ட மாத்திரத்தில் சொல்லிவிடுவார்கள். பேரியம் நைட்ரேட்டுக்கு இங்கே பச்சை உப்பு என்றே பெயர். உச்ச நீதிமன்றம் 2018இல் பேரியத்துக்குத் தடை போட்டதிலிருந்து அந்தப் பெயர் பட்டாசுக்குச் சம்பந்தமில்லாதவர்களுக்கும் பழகிவிட்டது. மஞ்சளுக்குச் சோடியம், நீலத்துக்குச் செம்பு, நல்ல குங்குமச் சிவப்புக்கு ஸ்ட்ரான்சியம். பேன்சி ரக வெடி மேலே போய் விரியும்போது சிவப்பாகச் சிதறுகிற ஒவ்வொரு மணி மருந்திலும் இந்த உலோகத்தின் உப்பு ஏதாவது இருக்கும்.

அதே ஸ்ட்ரான்சியம் கிழக்கே நூறு கிலோமீட்டர் போல் போனால் கடலுக்குள் இறங்குகிறது. அங்கே அது எரிவதில்லை; பச்சையாக ஒளிர்கிறது. இரவில் கணவாய் பிடிக்கப் போகிறவர்கள் கையில் இருக்கும் பொய் இறாலை எடுத்துப் பாருங்கள். டார்ச் வெளிச்சத்தில் கொஞ்ச நேரம் காட்டிவிட்டு டார்ச்சை அணைத்தால் அதன் வயிறு மினுமினுக்கும். ஸ்ட்ரான்சியம் அலுமினேட் என்ற சேர்மத்தில் யூரோப்பியம், டிஸ்ப்ரோசியம் என்ற இரண்டு அரிய உலோகங்களைத் துளித்துளியாகக் கலந்து 1990களில் ஜப்பானில் உருவாக்கிய பூச்சு அது. வாங்கிய ஒளியை உள்ளே பிடித்துவைத்துக்கொண்டு மணிக்கணக்கில் மெல்லமெல்ல வெளியே விடும். சூடு கிடையாது, புகை கிடையாது. சிவகாசியில் நெருப்புக்குள் சிவப்பைக் கக்குகிற உலோகம், சூடே இல்லாமல் பச்சையாக ஒளிர்கிற பூச்சுக்குள்ளும் இருக்கிறது. அதைப் பார்த்து வருகிற கணவாய்க்கோ சிவப்பும் தெரியாது, பச்சையும் தெரியாது.

கடற்கரையில் கணவாய் என்றால் மூன்று வகைப் பிராணிகள். ஊசிக்கணவாய் ஒன்று, முதுகுக்குள் கண்ணாடிபோல மெல்லிய தகடு மட்டும் வைத்திருப்பது. ஓட்டுக்கணவாய் இன்னொன்று, உள்ளே வெள்ளை ஓடு இருக்கும். கடலைப் பார்க்காத ஊர்க்காரர்களுக்கும் இந்த ஓடு தெரியும்: லவ்பேர்ட்ஸ் கூண்டில் சுண்ணாம்புச் சத்துக்காகத் தொங்கவிடுகிறோம், நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை என்று விற்கிறார்கள். மூன்றாவது பேய்க்கணவாய், எட்டுக் கையோடு நிற்பது. முதல் இரண்டுக்கும் எட்டுக் கை போக, மடக்கி ஒளித்துவைத்த இரண்டு நீண்ட பற்றுகைகளும் உண்டு. தூண்டில் விவகாரம் முழுக்க அந்த இரண்டு கைகளைச் சுற்றித்தான்.

பாக் விரிகுடாவில் கடற்புல் வளர்ந்த ஆழமில்லாத தரைகளில் பெரிய துடுப்பு வைத்த ஊசிக்கணவாய் ஒன்று உண்டு. உடலின் இரு ஓரமும் முழுக்கத் துடுப்பு ஓடுவதால் பார்வைக்கு ஓட்டுக்கணவாய் மாதிரியே இருக்கும். அறிவியல் பெயர் செபியோட்டூத்திஸ் லெஸ்ஸோனியானா. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் கொச்சிக்குப் போகுமுன் மண்டபத்தில் இருந்த காலத்தில், 1954இல், கே. வீரபத்ர ராவ் இதன் வாழ்க்கையையும் இதைப் பிடிக்கும் முறைகளையும் விரிவாக எழுதினார். பாக் விரிகுடாக் கணவாய் என்றே அதை அழைத்தார். பல நாடுகளில் பொழுதுபோக்குத் தூண்டில்காரர்கள் மெல்லிய கம்பும் மெல்லிய நூலுமாகத் துரத்துவது இதே இனத்தைத்தான். செங்கடலிலிருந்து ஜப்பான் வரை இது உண்டு.

அவர்கள் பயன்படுத்தும் பொய் இறாலுக்கு ஜப்பானில் எகி என்று பெயர். தெற்கு ஜப்பானின் ககோஷிமா பக்கத்தில் சில நூற்றாண்டுகளுக்கு முன்பே மரத்தில் செதுக்கிச் செய்துவந்தார்கள். இரவில் மீன்பிடிக்கும்போது எரிந்த தீப்பந்தத்துண்டு தண்ணீரில் விழ, கணவாய் பாய்ந்து வந்து அதைக் கட்டிக்கொண்டதைப் பார்த்துத்தான் இந்த யோசனை வந்தது என்று ஒரு கதை சொல்கிறார்கள். கதை நிஜமோ இல்லையோ, பிராணியின் குணத்துக்குப் பொருந்திவருகிறது. இன்றைய எகி பிளாஸ்டிக் உடம்பு, மேலே துணி, துணிக்கு அடியில் பளபளக்கும் தாள், மோவாய்க்குக் கீழே ஒரு ஈயத்துண்டு, வால் நுனியில் மேல் நோக்கி வளைந்த ஊசிகள் இரண்டு வரிசை. மீன் தூண்டில் முள்ளில் இருக்கிற எதிர்முள் இதில் கிடையாது. இன்னொரு வகை இன்னும் எளிது: ஒரு குச்சி, அதன் அடியில் ஊசி வளையம், குச்சியோடு சேர்த்துக் கம்பியால் வரிந்து கட்டிய ஒரு முழுக் காரல் மீனோ சூடையோ.

ஊசி வாயில் குத்துவதற்காக அல்ல. கணவாய் இரையை விழுங்குவதில்லை. கட்டிப்பிடித்துக் கடித்துக் கடித்துத் தின்னும். நடுவில் கிளியின் அலகு மாதிரி ஒரு அலகு இருக்கிறது. அதற்கு அப்பால் உணவுக்குழாய் மூளையின் நடுவே துளைத்துக்கொண்டு போகிறது, ஆகவே பெரிய துண்டு எதையும் உள்ளே தள்ள முடியாது. இரையைக் கைகளுக்குள் வைத்துக்கொண்டு பொறுமையாகச் சுரண்டித் தின்பது தவிர அதற்கு வேறு வழியில்லை. ஊசி வளையம் நம்பியிருப்பது இந்தக் கட்டாயத்தைத்தான். பிடித்த கை ஊசியில் மாட்டும், இழுக்க இழுக்க இறுகும். நூல் ஒரு நொடி தளர்ந்தால் எதிர்முள் இல்லாத ஊசியிலிருந்து கை கழன்றுவிடும். வேகமாக இழுத்தாலோ கை பிய்ந்து ஊசியில் நிற்கும், கணவாய் போய்விடும். மெல்லிய கம்பும் நூலை விட்டுக்கொடுக்கும் சுருளும் வேண்டும் என்று தூண்டில்காரர்கள் சொல்வது இதனால்தான்.

வேம்பாரைத் தாண்டி ஒரு பைபர் வள்ளத்தில் பொழுது சாயும் நேரம் கைத்தூண்டில் போட்டுப் பார்த்திருக்கிறேன். மீன் கொத்துவதுபோல் ஏதோ வெட்டென்று இழுக்கும் என்று நான் விரலில் தங்கூசி நூலைச் சுற்றிக்கொண்டு காத்திருந்தேன். வள்ளக்காரர் அண்ணாச்சி சிரித்தார். "கொத்தும்னு பாத்துக்கிட்டு இருக்காதீங்க தம்பி. கனம் கூடுதான்னு பாருங்க. ஈரத்துணி மாட்டுன மாதிரி இருந்தா அதுதான்." நூலை இரண்டு முழம் சுண்டி இழுத்துவிட்டு, கீழே விழவிட்டு, மறுபடி சுண்டினார். சுண்டும்போது எதுவும் வரவில்லை. விழும் நேரத்தில்தான் கனம் ஏறியது.

விழும்போது ஏன்? இறால் பயந்தால் வாலை மடக்கிப் பின்னோக்கித் துள்ளும். துள்ளி முடிந்ததும் தலை கீழாகச் சாய்ந்து மெதுவாக இறங்கும். அந்த இறக்கத்தில் அது அடுத்த துள்ளலுக்குத் தயாராகவில்லை. எகியின் மோவாய்க்குக் கீழே ஈயம் வைத்திருப்பது இந்தச் சாய்வுக்காகவே. பத்துப் பதினோரு சென்டிமீட்டர் நீள எகி ஒரு மீட்டர் இறங்க மூன்று நொடிக்கு மேல் எடுத்துக்கொள்ளும்படி எடையைக் கணக்குப் பண்ணி வைக்கிறார்கள். சுண்டுவது கணவாயைக் கூப்பிட. பிடிபடுவது சும்மா விடுகிற அந்த இடைவெளியில். புதிதாகத் தூண்டில் போடுகிறவர்கள் சுண்டிக்கொண்டே இருப்பார்கள்.

கணவாய் தாக்குவதற்கு முன் நிற்கும் விதம் பார்க்க அழகானது. ஓட்டுக்கணவாயின் தாக்குதலை 1968இல் ஜான் மெஸஞ்சர் மூன்று கட்டமாகப் பிரித்தார்: முதலில் கவனம், அடுத்து இடம் பிடித்தல், கடைசியில் பற்றுதல். முதல் கட்டத்தில் உடம்பின் நிறம் மாறி, இரண்டு கண்ணும் முன்னோக்கித் திரும்பும். அடுத்து சரியான தூரத்துக்கு முன்னும் பின்னும் நகர்ந்து தன்னைச் சரிசெய்துகொள்ளும். அந்தத் தூரத்தை அது எப்படி அளக்கிறது என்பதை 2020இல் டிரெவர் வார்டில் குழுவினர் வேடிக்கையான ஒரு சோதனையில் காட்டினார்கள். ஓட்டுக்கணவாய்க்கு ஒரு பக்கம் சிவப்பும் மறுபக்கம் நீலமுமாகத் திரையரங்கு 3டி கண்ணாடியை ஒட்டி, திரையில் இறால் நடக்கும் படத்தைக் காட்டினார்கள். இரண்டு கண்ணுக்குப் போகும் பிம்பங்களை நகர்த்தி இறால் திரைக்கு முன்னால் இருப்பதுபோல் காட்டியபோது, கணவாய் பின்வாங்கி நின்று வெறும் தண்ணீரை நோக்கிக் கையை வீசியது. நம்மைப்போலவே இரண்டு கண்ணின் வித்தியாசத்தை வைத்து ஆழம் அளக்கிறது என்பது அதில் உறுதியானது.

கண்ணாடியின் இரண்டு பக்கமும் அதற்கு வெவ்வேறு நிறமாகத் தெரிந்திருக்காது, ஒளியின் அளவு வேறுபட்டுத் தெரிந்திருக்கும். பெரும்பாலான கணவாய்களின் கண்ணில் ஒரே ஒரு வகை ஒளி நிறமிதான் இருக்கிறது. நமக்கு மூன்று. ஒன்றை வைத்துக்கொண்டு பிரகாசத்தை ஒப்பிடலாம், நிறத்தைப் பிரிக்க முடியாது. அந்த ஒற்றை நிறமி நீலத்துக்கும் பச்சைக்கும் இடைப்பட்ட ஒளியை, 490 நானோமீட்டர் பக்கம், அதிகமாக உறிஞ்சுகிறது; கடல்நீர் ஆழம்வரை விட்டுவைக்கிற ஒளியும் அதுதான். அமெரிக்காவில் ஒரு தந்தையும் மகனுமாக, கிறிஸ்டபர் ஸ்டப்ஸும் அலெக்சாண்டர் ஸ்டப்ஸும், 2016இல் இதற்கு ஒரு மாற்றுக் கருத்தை முன்வைத்தார்கள். ஒவ்வொரு நிறமும் லென்ஸில் வெவ்வேறு தூரத்தில் குவியும். கணவாயின் விநோத வடிவக் கண்மணி அந்த மங்கலைப் பெரிதாக்கி, குவியத்தை மாற்றி மாற்றிப் பார்த்து நிறத்தை ஊகிக்க உதவலாம் என்பது அவர்கள் வாதம். கணக்கில் சரியாக வருகிறது. உயிருள்ள கணவாயின் நடத்தையில் நிறம் பிரித்தறிந்ததாகத் தெளிவாகக் காட்டினால் ஒழிய பழைய முடிவோடு நிற்பதே நியாயம் என்று எனக்குப் படுகிறது.

அப்படியானால் தூண்டில் கடையில் ஆரஞ்சு, ரோஸ், ஊதா, கிளிப்பச்சை என்று அடுக்கிவைத்திருக்கிறார்களே, அதெல்லாம்? பாதி நமக்காக. பட்டாசுப் பெட்டியின் மேல் லேபிளில் அச்சாகும் வர்ணத்துக்கு எந்த வேலையோ அதே வேலை. மிச்சப் பாதிக்குப் பொருள் உண்டு, ஆனால் அந்தப் பொருள் கறுப்பு வெள்ளையில். சிவப்பு சில மீட்டர் ஆழத்திலேயே செத்துப்போய் கரும் சாம்பலாகிவிடும். கீழிருந்து வானத்தைப் பார்க்கும் கணவாய்க்கு நல்ல கரிய நிழல் உருவம். வெளிர் ரோஸ் கலங்கிய நீரில் வெளுப்பாகத் தெரியும். துணிக்கு அடியில் உள்ள பளபளத் தாளுக்கு இன்னொரு பயன் இருக்கலாம். வெள்ளி மீனின் செதிலில் பட்டுத் திரும்பும் ஒளி ஒரே தளத்தில் அதிர்கிற ஒளியாக மாறுகிறது. நமக்கு அந்த வித்தியாசம் தெரியாது, கணவாய்க்குத் தெரியும். கண்ணுக்குப் படாமல் நீருக்குள் கரைந்து நிற்க வெள்ளி பூசிக்கொண்ட மீனை அது அந்த வெள்ளியை வைத்தே கண்டுபிடித்துவிடுகிறது. இரவு ஒளிர்கிற பூச்சுக்கு வந்தால், சாதாரண ஸ்ட்ரான்சியம் அலுமினேட் 520 நானோமீட்டரில் பச்சையாக ஒளிரும். அலுமினியத்தின் விகிதத்தைக் கூட்டிய இன்னொரு வகை 490இல் நீலப்பச்சையாக ஒளிரும். கணவாயின் கண்ணுக்கு நேர் எதிரே நிற்பது இரண்டாவது. கடையில் பிரகாசமாகத் தெரிவதோ முதலாவது, ஏனென்றால் நம் கண் பச்சைக்குக் கூர்மை.

சரி, இரை தெரிந்துவிட்டது, தூரமும் அளந்தாயிற்று. மூன்றாவது கட்டம் பார்வைக்குள் சிக்காது. பற்றுகைகள் இரண்டும் நீண்டு இரையைத் தொட 20 முதல் 40 மில்லிநொடி. வில்லியம் கியரும் யோஹான் வான் லீவனும் 1997இல் அதிவேகக் கேமராவில் இதை அளந்தார்கள். கை நுனி நொடிக்கு 2 மீட்டருக்கு மேல் வேகம் எடுத்தது. எலும்பே இல்லாத கை இப்படிப் பாய்வது தசையின் ஒரு சூட்சுமத்தால். தசையில் பெரும்பகுதி நீர், நீரை அமுக்கிச் சுருக்க முடியாது. சப்பாத்தி மாவை உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டினால் ஒல்லியாகி நீள்கிறதே, பற்றுகைக்கும் அதே கணக்கு. குறுக்குத் தசைகள் சுருங்கி விட்டத்தை 23 சதவீதம் குறைத்தால் நீளம் 70 சதவீதம் கூடிவிடும். நுனியில் உள்ள உறிஞ்சுகிண்ணங்களின் விளிம்பில் பல் வைத்த வளையம் இருக்கிறது. பேய்க்கணவாய்க்கு அது இல்லை.

தொட்ட பிறகு என்ன நடக்கிறது என்பதில்தான் நிஜ மீன் வரிந்த தூண்டிலுக்கும் வெறும் பிளாஸ்டிக்குக்கும் வித்தியாசம். உறிஞ்சுகிண்ணம் பிடிக்கிற கருவி மட்டுமில்லை, ருசி பார்க்கிற கருவியும்கூட. ஹார்வர்டில் நிக்கோலஸ் பெல்லோனோவின் ஆய்வகம் 2020இல் பேய்க்கணவாயின் கிண்ணங்களிலும், 2023இல் ஊசிக்கணவாய்க்கு உறவான குட்டி இனம் ஒன்றின் கிண்ணங்களிலும் சுவை உணரும் புரதங்களை அடையாளம் கண்டது. இரண்டாவதில் அவை கசப்புப் பொருள்களை நன்றாகவே கண்டுபிடித்தன. பிடித்தது தின்னத் தகாதது என்று கைக்குத் தெரிந்தால் கை விட்டுவிடும். நூலை இறுக்கமாகப் பிடித்துக்கொண்டு கனம் ஏறிய நொடியே இழுக்கத் தெரிந்த அண்ணாச்சிக்குப் பிளாஸ்டிக் போதும். என்னைப்போல் ஒரு நொடி தாமதிக்கிறவனுக்கு ஒரு சூடை மீன் அந்த நொடியை வாங்கித் தருகிறது. சப்புக்கொட்டிக்கொண்டிருக்கும் கணவாய் படகோரம் வரைக்கும்கூட இரையை விடாமல் வருவதுண்டு.

வந்தது சும்மா வராது. வள்ளத்துக்குள் ஏறியதும் முதல் வேலையாக நீரைப் பீச்சும், அடுத்து மையைப் பீச்சும். மை என்பது நம் தலைமுடியில் இருக்கும் அதே மெலனின், கூடவே பிசுபிசுப்பு. சட்டையில் பட்டால் துவைத்தாலும் போகாது. மையில் எல்-டோபா என்ற வேதிப்பொருளும் இருக்கிறது. அதைத் தண்ணீரில் கலந்துவிட்டால் மற்ற ஊசிக்கணவாய்கள் பீய்ச்சியடித்துக்கொண்டு ஓடுகின்றன என்று 1990களின் தொடக்கத்தில் கில்லியும் லூசெரோவும் காட்டினார்கள். மை பட்ட எகியைக் கழுவாமல் திரும்பப் போடாதே என்று தூண்டில்காரர்கள் சொல்வதற்குப் பின்னால் இது இருக்கிறது. வெட்டினால் வருகிற ரத்தம் சிவப்பாக இராது. பிராணவாயுவைச் சுமக்க நமக்கு இரும்பு, அதற்குச் செம்பு. பிராணவாயு ஏறிய ரத்தம் மங்கலான நீலம். மூன்று இதயங்கள் சேர்ந்து அதை ஓட்டுகின்றன.

விருதுநகர் மீன் கடைக்கு வந்துசேரும் கணவாயிலும் ஒன்றைக் கவனிக்கலாம். மிகப் புதிதாக இருந்தால், ஐஸ் மேல் கிடக்கும் செத்த கணவாயின் தோலில் பழுப்புப் புள்ளிகள் விரிந்து சுருங்கிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு புள்ளியும் நிறப்பை ஒன்று. சுற்றிலும் குட்டித் தசைகள் அதை இழுத்து விரிக்கின்றன. உயிரோடு இருக்கும்போது மூளை நரம்பு வழியாக அவற்றை நொடிக்குள் ஆட்டுவிக்கும். நரம்பு செத்த பிறகும் தசை கொஞ்ச நேரம் தானாகத் துடிக்கும். வெளுத்து, கோழைபோல் ரோஸ் நிறம் படர்ந்ததை வாங்க வேண்டாம்.

ஸ்ட்ரான்சியத்தை இன்னும் விட்டுவிட முடியாது. கணவாய்க்கே அது தேவைப்படுகிறது. தலைக்குள் ஒரு சிறு குழியில், நம் உள்காதில் நிகழ்வதைப்போல, சமநிலை அறிய ஒரு சுண்ணாம்புக் கல் இருக்கிறது. ரோஜர் ஹான்லனும் உடன் ஆய்வாளர்களும் 1989இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். ஸ்ட்ரான்சியம் இல்லாத செயற்கைக் கடல்நீரில் வளர்த்த முட்டைகளிலிருந்து பொரித்த குஞ்சுகளுக்கு அந்தக் கல் உருவாகவில்லை. நேராக நீந்தத் தெரியாமல் சங்கு சக்கரமாகச் சுற்றின. தண்ணீரில் ஸ்ட்ரான்சியம் சேர்த்ததும் சரியாகப் பிறந்தன. இயற்கைக் கடலில் லிட்டருக்கு 8 மில்லிகிராம் அளவு அது எப்போதும் கரைந்திருக்கிறது, ஆகவே கவலையில்லை.

அந்தக் கல்லில் நாளுக்கு ஒரு வளையம் ஏறுகிறது. இழைத்து நுண்ணோக்கியில் எண்ணினால் வயது தெரியும். எண்ணியவர்களுக்குக் கிடைத்த விடை பெரும்பாலும் ஒன்றுதான்: நாம் பிடிக்கிற ஊசிக்கணவாய்களில் பல ஒரு வயதுகூட முடிக்காதவை. பிறந்த வருஷத்திலேயே வளர்ந்து, இணைசேர்ந்து, முட்டையிட்டு, செத்துப்போகின்றன. இந்த வருஷத்துக் கணவாய் முழுக்கப் போன வருஷத்துக் கணவாயின் பிள்ளைகள். பாக் விரிகுடாக் கணவாய் முட்டையிடக் கடற்புல்லையும் பவளப்பாறையையும் தேடிக் கரைப்பக்கம் வரும். மெல்லிய தூண்டில் எட்டுகிற தூரத்தில் பெரிய கணவாய் கிடைக்கும் பருவம் அதுவே.

கணவாய் இப்படி முட்டையிட வருவதை வைத்து மேற்குக் கரையில் ஒரு பெரிய சண்டையே நடந்திருக்கிறது. கன்னியாகுமரி மாவட்டத்து மீனவர்கள் கர்நாடகக் கடலுக்குப் போய், தென்னம்பாளையும் குலைக்காம்பும் கட்டிய கட்டுகளை மணல்மூட்டையில் பிணைத்துக் கடலுக்கடியில் இறக்கிவைப்பார்கள். முட்டை ஒட்ட இடம் தேடும் ஓட்டுக்கணவாய் அதைச் சுற்றிக் கூடும். பிறகு அந்த இடத்தில் தூண்டில் போட்டால் ஒவ்வொன்றும் பெரிது, ஏற்றுமதித் தரம். உள்ளூர் விசைப்படகுக்காரர்களுக்கு வலை சிக்குகிறது என்று கோபம், தங்களுக்கு வரவேண்டியது போகிறது என்றும் கோபம். கீதா சசிகுமாரும் கூட்டாளிகளும் மங்களூரிலிருந்து 2015இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையில் வேறொரு கேள்வியை எழுப்பினார்கள்: முட்டையிட வந்தவற்றை முட்டையிடும் இடத்திலேயே வைத்துப் பிடித்தால் அடுத்த வருஷத்துக்கு என்ன மிஞ்சும்?

இழுவலையோடு ஒப்பிட்டால் தூண்டில் எவ்வளவோ மேல், அதில் சந்தேகமில்லை. தரையை உழுவதில்லை, குஞ்சு மீனை அள்ளுவதில்லை, ஒவ்வொரு கணவாயும் நசுங்காமல் வருகிறது. விளக்கு வெளிச்சத்தில் பிடிப்பதைப்போலவும் இல்லை. தென் அட்லாண்டிக்கில் அர்ஜென்டினாவுக்கு அப்பால் கணவாய்க் கப்பல்கள் இரவில் எரியவிடும் விளக்குகள் விண்வெளியிலிருந்து எடுத்த படங்களில் ஒரு நகரம்போல் தெரிகின்றன. கணவாய் அந்த வெளிச்சத்துக்குள் வந்து நிற்பதில்லை. கப்பலின் அடியில் விழும் நிழலில் ஒளிந்துகொண்டு வெளிச்சத்தில் திரியும் குட்டி மீன்களைப் பிடிக்கும், ஊசி வளையங்கள் இறங்குவதும் அந்த எல்லையில்தான். இந்தியக் கடலில் எல்இடி உள்ளிட்ட செயற்கை விளக்கு வைத்து மீன்பிடிக்க 2017 நவம்பரில் மத்திய அரசு தடை விதித்தது.

மேற்குக் கரைச் சண்டைக்குத் திரும்பினால், பாளைக் கட்டில் ஒட்டிய முட்டை பொரிக்க நம் கடலின் சூட்டில் இரண்டு மூன்று வாரம் ஆகும். தூண்டில்காரர்கள் பிடித்ததைப் பிடித்துக்கொண்டு போகட்டும். கட்டை மட்டும் அந்த மூன்று வாரமும் மேலே இழுக்காமல், இழுவலையும் அந்தப் பக்கம் ஓடாமல் விட்டுவைத்தால், அடுத்த பருவத்துக் கணவாய் அங்கேயே பொரித்து வெளியேறும். அதற்கு யாருக்கும் கூடுதல் செலவு கிடையாது. இழுவலைக்காரர் ஒப்புக்கொள்வாரா என்பதுதான் இன்னும் பேசித் தீர்க்க வேண்டிய பாக்கி.